ஒரு முழக் கம்பி

ஸ்கேனர் என்னும் கருவியை வாங்கி வைத்திருக்கும் அன்பர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "கருவி நல்ல கருவிதான், ஸார்! ஆனால் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை" என்கிறார்கள். அடுத்தபடியாக, இதைவிட விலையுயர்ந்த கருவி எது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த விசாரணையைச் சற்றே ஒத்திப் போடும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கருவிக்குக் காதுதான் மந்தம். புதுக் காது செய்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து துண்டுச் செப்புக் கம்பியும் போதும்.

சாதாரண ரேடியோவை ஒரு நிலையத்துக்குத் திருப்பி வைத்தால் அது அங்கேயே நிற்கும். ஸ்கேனரோ, நாம் குறித்துக் கொடுத்த அலைவரிசைகளைத் தபால்காரர் வீடு வீடாகப் போவது போல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். பேச்சுக் கேட்கும் இடத்தில் நிற்கும். பேச்சு ஓய்ந்ததும் மறுபடி புறப்பட்டுவிடும். இத்தனை சுறுசுறுப்பான கருவியின் தலையில் கடைக்காரர் ஒரு சாண் உயரத்தில் ரப்பர் உறை போட்ட தடி ஒன்றைச் செருகிக் கொடுக்கிறார். உறைக்குள் இருப்பது சுருட்டி வைத்த கம்பி. எல்லா அலைவரிசைக்கும் பொதுவாகச் செய்த காரணத்தால் அது எதற்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. சட்டைப் பையில் அடங்குவதே அதன் முதல் லட்சியம். கேட்பது இரண்டாவது லட்சியந்தான்.

நம் முன்னோர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி, நியூபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து வரும் செய்திக்குக் காத்திருந்தார். 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி சென்னைப் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்பார் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் ரேடியோ கேட்க ஆசைப்பட்டவர்கள் மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களை நட்டு நடுவே நீண்ட கம்பியை இழுத்துக் கட்டினார்கள். 'ஏரியல்' என்று அதற்குப் பெயர். காக்கைகளுக்கும் அது மிகவும் சௌகரியமாயிருந்தது. பிறகு ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. நாமும் அதை அடியோடு மறந்து போனோம்.

தம்புராவின் தந்தி நீளத்துக்குத் தக்கபடி சுருதி மாறுவது போல, ஏரியலுக்கும் நீளமே பிரதானம். 300 என்ற எண்ணை அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் கணக்கால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாக வாங்கும்.

உதாரணத்துக்கு ஆகாயத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஓர் அமெச்சூர் ரேடியோ இருக்கிறது. அதன் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் கீழே இறங்குகிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்தபடி நம் நாட்டு மாணவர்களுடன் அமெச்சூர் ரேடியோ மூலம் பேசினார். ஆனால் அந்த நிலையம் நம் வானத்தில் எழுந்து மறைவதற்கு அதிகம் போனால் பத்து நிமிஷந்தான் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் காது மந்தமாயிருந்தால் போனது போனதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் 6 சென்டிமீட்டர். கால் பங்கு ஐம்பத்தொன்றரை சென்டிமீட்டர். கம்பியின் முனையில் ஏற்படும் விளைவுக்காக நூற்றுக்கு ஐந்து பாகம் தள்ள வேண்டும். மிஞ்சுவது 49 சென்டிமீட்டர். பூக்காரி அளக்கும் ஒரு முழத்துக்குச் சற்றே அதிகம்!

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'எஸ்.ஓ.239' என்று கேட்டால் நான்கு மூலையிலும் துளையுள்ள சதுரத் தகடு வைத்த ஸாக்கெட் ஒன்று கொடுப்பார்கள். 2 மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் 49 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை அதன் நடு முனையில் செங்குத்தாகப் பற்றவைக்க வேண்டும். ஐம்பத்தொன்றரை சென்டிமீட்டர் துண்டுகள் நான்கை மூலைத் துளைகளில் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். இந்த நான்கும் பூமியின் ஸ்தானத்தில் இருந்து வேலை செய்கின்றன. இவற்றைக் குடைக் கம்பிகள் மாதிரி 45 பாகை கீழே சாய்க்க வேண்டியது முக்கியம். படுக்கை வாட்டமாக விட்டால் ஏரியலின் தடை 36 ஓம் அளவில் நிற்கும். சாய்த்தால் கருவி எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு அருகில் வந்துவிடும். எல்லா முனைகளையும் சிறு வளையமாக மடித்துவிடுங்கள். மாடியில் ஓடி விளையாடும் குழந்தைகளின் கண்ணை உத்தேசித்துச் சொல்கிறோம். மடிப்புக்கு வேண்டியதைக் கூட்டி வெட்டிக்கொண்டால், மடித்த பிறகும் அளவு சரியாயிருக்கும்.

இதை ஒரு பி.வி.ஸி. குழாயின் உச்சியில் பொருத்தி, இணைப்புகளில் மழை நீர் இறங்காமல் எம்-ஸீல் பூசி, மாடியில் நிறுத்தலாம். மின்சாரக் கம்பிகள் போகும் பக்கம் மட்டும் கூடவே கூடாது. இடி மின்னல் அறிகுறி கண்டதும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கேபிள் விஷயத்தில்தான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். மெல்லிய 'ஆர்.ஜி.58' கேபிளில், 15 மீட்டர் கடந்து வருவதற்குள் மாடியில் பிடித்த சக்தியில் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். டெலிவிஷனுக்குப் போடும் 'ஆர்.ஜி.6' கேபிளில் இந்த நஷ்டம் ஏறக்குறைய பாதியாகும். அது 75 ஓம் கேபிள் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தும்போது அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. வேறொரு சத்துரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, டெலிபோன் சார்ஜர் முதலியவை ஓயாமல் இரைச்சலைக் கிளப்புகின்றன. ஸ்கேனரைப் பாட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துபோகும்.

நம் நாட்டில் அமெச்சூர்கள் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இதே கம்பி கேட்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் ரேடியோ நடத்துவதற்காகப் போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் கருவியைக் கொண்டு தகவல்களை வெளியுலகுக்கு அனுப்பியதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். டெலிபோன் ஓய்ந்த இடத்தில் இவர்கள் குரல் ஓய்வதில்லை. ஆனால் போலீஸார் முதலியோரின் பேச்சை ஒட்டுக் கேட்பது முற்றிலும் வேறு விவகாரம். உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் போட்ட சட்டம் குற்றமாக்கியது. அதன் ஸ்தானத்துக்கென 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஸ்கேனர் வாங்குமுன் உரிமம் பற்றி விசாரித்துக்கொள்வது அவசியம்.

விண்வெளி நிலையம் வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஸ்கேனரை 145.800-இல் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அடிவானத்தில் எழும்போது இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல். ஏற ஏறத் தெளிவு. நேர் உச்சிக்கு வரும் சமயம் குரல் சற்றுத் தாழ்ந்தால் கருவியைத் தட்டாதீர்கள். செங்குத்தாக நிற்கும் கம்பிக்குத் தலைக்கு நேர் மேலே காது கிடையாது. நிலையம் கொஞ்சம் சாய்ந்ததும் குரல் திரும்பி வரும்.