பகடை உலகம் – 9: அம்மா ஓர்க், அப்பா மனிதர்

கதாபாத்திரத் தாளில் பெயருக்கு அடுத்தபடியாக நிரப்ப வேண்டியது இனம். மனிதர், எல்ஃப், குள்ளர், ஓர்க் என்று பட்டியலில் இருப்பதில் ஒன்றை எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆட வந்தவர், “என் பாத்திரத்தின் அம்மா ஓர்க், அப்பா மனிதர்” என்று சொன்னால்? ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் இதற்கான விடையைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போதைய விடை எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1978இல் எழுதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் தனி இனங்களாகவே இடம்பெற்றன. ஆனால் அரை ஓர்க் வீரர் 10ஆம் நிலையைத் தாண்ட முடியாது; மதகுருவானால் 4ஆம் நிலையோடு சரி. கூலிக்குக் கொல்பவராக மாறினால் மட்டும் அவருக்கு இனத்தின் பெயரால் எந்தத் தடையும் இல்லை. எந்த இனம் எதை வெறுக்கும், எதைச் சகித்துக்கொள்ளும் என்று சொல்ல ஓர் அட்டவணையே அதில் உண்டு. இதைவிட உறுத்துவது இன்னொன்று. அரை ஓர்க்குகளில் பத்தில் ஒரு பங்கினர் மனிதரென்று சொன்னால் நம்பும்படி இருப்பார்கள், ஆட்டக்காரரின் பாத்திரம் அந்தப் பத்தில் ஒருவர் என்று அந்த நூல் விளக்கியது. அதாவது, ஓர்க் சாயல் தெரியாதவருக்குத்தான் மேசையில் இடம்.

பிறப்புக் கதையிலும் இதே போக்குதான். 1984இல் தொடங்கிய, இதே ஆட்டத்தை ஒட்டிய ‘டிராகன்லான்ஸ்’ நாவல்களின் நாயகன் டானிஸ், எல்ஃப் பெண் ஒருத்திக்கு மனிதன் இழைத்த கொடுமையில் பிறந்தவன். அந்த நாவல்களில் அதற்கு ஒரு தேவை இருந்தது. ஆனால் பெற்றோர் இருவரும் விரும்பி மணந்திருக்கலாம் என்ற எண்ணமே பல மேசைகளில் எழாமல் போனதற்கு இப்படிப்பட்ட கதைகளும் காரணம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதன்மை நூலில் அரை ஓர்க்கைக் காணவில்லை. 2000இல் திரும்பி வந்தது.

2014 பதிப்பு நிலை வரம்பு எதையும் வைக்கவில்லை. அரை ஓர்க்குக்கு வலிமையில் 2, உடலுறுதியில் 1 கூடும். கலப்பினத்துக்கென்று தனி எண்களே இருந்தன. ஆனாலும் அந்த நூலில் பெற்றோரில் ஒருவர் மனிதராக இருந்தே ஆக வேண்டும். குள்ளருக்கும் எல்ஃபுக்கும் பிறந்த பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

2022 ஆகஸ்டில் சோதனைக்கு விட்ட விதிகளில் அந்தக் கதவு திறந்தது. எந்த இரண்டு இனங்களுக்கும் பிள்ளை பிறக்கலாம். தோற்றத்தை விருப்பம்போல் கலந்துகொள்ளலாம். திறன்களை மட்டும் ஏதாவது ஒரு பெற்றோரிடமிருந்தே பெற வேண்டும். 2024இல் வந்த புதிய நூலில் அரை எல்ஃப், அரை ஓர்க் இரண்டுமே இல்லை. வேண்டுமானால் 2014 விதிகளை வைத்து ஆடலாம். பழைய இழிவைக் களைய வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழிவோடு சேர்த்து அந்த மனிதர்களையும் அல்லவா களைந்துவிட்டார்கள்! தாயின் முகம் மட்டும் வாய்த்து, அவள் வழியில் வேறெதுவுமே வராத பிள்ளை எங்கே இருக்கிறது?

பைஸோ நிறுவனத்தின் ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டம் இதை நன்றாகச் செய்திருக்கிறது. 2023இல் திருத்தி வெளியிட்ட ‘பிளேயர் கோர்’ நூலில், ஓர்க் வழி வந்தவர் ‘டிரோமார்’, எல்ஃப் வழி வந்தவர் ‘ஐயுவாரின்’. மற்றொரு பெற்றோர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1, 5, 9, 13, 17 ஆகிய நிலைகளில் பாத்திரத்துக்குக் குலவழித் திறன் ஒன்று கிடைக்கும். அதை இரண்டு பக்கத்துப் பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். மனிதர்களின் ஊரில் அப்பாவிடம் வளர்ந்த பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 1ஆம் நிலையில் அவள் எடுப்பது மனிதத் திறன். கதை அவளைத் தாய்வழிச் சுற்றத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 5ஆம் நிலைக்கு வந்ததும், சாய்க்கும் அடி விழுந்தாலும் ஒரு புள்ளி உயிரோடு நிற்கும் ஓர்க் திறனை எடுக்கிறாள். அவள் யாரோடு இருந்தாள், யாரைத் தேடிப் போனாள் என்பதெல்லாம் தாளிலேயே பதிவாகிவிடுகிறது.

ஆட்டத்தை நடத்துபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான்: வளர்த்தது யார்? பீமனின் மகன் கடோத்கஜன் தாய் இடும்பியோடு காட்டிலேயே இருந்துவிட்டான். தந்தை வீட்டார் அவனைத் தேடியது உதவி தேவைப்பட்டபோதுதான். ரத்தத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கிலிருந்து இப்படி ஒரு கதை பிறக்காது. திட்டும்போது எந்த மொழி வாயில் வருகிறது, பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், எந்த ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு வரும் என்று முதல் நாளே கேளுங்கள். பதிலை ஆட்டக்காரரே சொல்லட்டும். பிறப்பில் வன்முறையை நீங்களாகத் திணிக்காதீர்கள்.

ஊர்க்காரர்கள் ஏளனம் செய்யும் காட்சி வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். வெளியே அத்தகைய சொல்லைக் கேட்டுச் சலித்தவர், மேசையில் வீரராக நிற்கத்தான் வந்திருப்பார். உறுத்தும் காட்சியை யாரும் காரணம் சொல்லாமல் நிறுத்திவைக்க ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இருக்கிறது. ஒரு வெற்று அட்டையில் எக்ஸ் என்று எழுதி நடுவில் வைத்தால் போதும்.

2024 நூலை வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாத்திரத்தின் இனத்தை மனிதர் என்று எழுதி, மனிதருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ‘ஃபீட்’ என்ற சிறப்புத் திறனை விட்டுக்கொடுத்துவிட்டு, சாயும் நேரத்திலும் தாக்குப்பிடிக்கும் ஓர்க் திறனை ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். ஆட்டத்தின் சமநிலை இதனால் குலையாது. தயங்காமல் அனுமதியுங்கள்.