அறிமுக வானிலையியல் பாடநெறி

அறிமுக வானிலையியல் பாடநெறி என்பது வளிமண்டலத்தின் அமைப்பையும் அதில் நாள்தோறும் நிகழும் மாற்றங்களையும் முதன்முறையாகக் கற்கும் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தப்படும் ஒரு பருவப் பாடமாகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் இரண்டாண்டுக் கல்லூரிகளிலும் இது பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. எத்துறை மாணவராயினும் பட்டம் பெறச் சில அறிவியல் பாடங்களைப் படித்தாக வேண்டும் என்ற விதி ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக உள்ளது. எனவே வரலாறு, வணிகம், இசை, இதழியல் போன்ற துறைகளைச் சேர்ந்தோரே இவ்வகுப்புகளில் மிகுதியாகக் காணப்படுவர். அவர்களுள் பலருக்கு இதுவே வாழ்நாளில் படிக்கும் இறுதி அறிவியல் பாடமாக அமைகிறது. நுண்கணிதத்தைப் பயன்படுத்தாமலும் இயற்பியலைத் திரிக்காமலும் இதனைக் கற்பிப்பது எவ்வாறு என்பதே ஆசிரியர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.

வரலாறு

வானிலையியல் ஒரு கல்லூரிப் பாடமாக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். சுவீடனில் பிறந்து, நார்வேயின் பேர்கன் நகரில் வில்லெம் பியர்க்னசின் குழுவில் பணியாற்றிய கார்ல்-குஸ்டாவ் ராஸ்பி, 1928 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய படிப்பு ஐக்கிய அமெரிக்காவின் முதல் முறையான பல்கலைக்கழக வானிலையியல் படிப்பாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வான்படைக்கு முன்னறிவிப்பாளர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். பல்கலைக்கழகங்களில் நடத்தப்பட்ட விரைவுப் படிப்புகள் மூலம் பல ஆயிரம் பேர் பயிற்சி பெற்றனர். கணித மாணவராக இருந்து, இப்பயிற்சியால் வானிலையியலுக்குள் வந்தவர்தான் பின்னாளில் ஒழுங்கின்மைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற எட்வர்டு லோரன்ஸ்.

போர்க்காலப் படிப்பு கணிதம் அறிந்தோருக்கானது. பொது மாணவர்க்குரிய பாடம் இதிலிருந்து வேறுபட்டது. அதற்கேற்ற பாடநூல்கள் சில, ஆய்வுக்குப் பெயர்பெற்ற பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து அன்றி, இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்தே வந்தன என்பது குறிப்பிடத்தக்கது. 1979 இல் வெளிவந்த 'த அட்மாஸ்பியர்' நூலை எழுதிய ஃபிரடெரிக் லட்ஜன்ஸ், எட்வர்டு டார்பக் ஆகிய இருவரும் இல்லினாய் சென்ட்ரல் கல்லூரியின் ஆசிரியர்கள். 'மீட்டியராலஜி டுடே' நூலின் ஆசிரியர் டொனால்டு ஆரன்ஸ், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ கல்லூரியில் கற்பித்தவர். இந்நூல்கள் பல பதிப்புகள் கண்டுள்ளன.

பாடப்பொருள்

பெரும்பாலான கல்லூரிகளில் பாட வரிசை ஏறத்தாழ ஒன்றேயாகும். வளிமண்டலத்தின் கூறுகள் (நைட்ரசன் 78%, ஆக்சிசன் 21%, எஞ்சிய சிறு பங்கில் ஆர்கன் முதலியவை), சூரிய ஆற்றல், வெப்பநிலை, ஈரப்பதம், முகில், மழை, அழுத்தம், காற்று, உலகளாவிய காற்றோட்டம், காற்றுத் திரள்களும் வளிமுகங்களும், இடிமழை, சுழற்காற்று, சூறாவளி, முன்னறிவிப்பு, காலநிலை என்று அது செல்லும். மாணவர் பெரிதும் எதிர்பார்த்து வரும் சுழற்காற்றும் சூறாவளியும் பருவத்தின் இறுதியிலேயே வருகின்றன. அவற்றை விளங்கிக்கொள்ள முன்னைய பகுதிகள் தேவை என்பதால் இவ்வரிசை ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் அதுவரை மாணவரின் ஆர்வத்தைக் காப்பது எளிதன்று.

இப்பாடத்தின் மிகக் கடினமான பகுதி வளிமண்டல நிலைத்தன்மை ஆகும். மேலெழும் காற்று ஏன் குளிர்கிறது என்பதிலிருந்து இப்பகுதி தொடங்குகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிவடைகிறது. விரிவடைவதற்குத் தன் ஆற்றலையே செலவிடுவதால் அதன் வெப்பநிலை ஒரு கி.மீ.க்கு 9.8 °செ வீதம் குறைகிறது. அக்காற்றின் பனிநிலையும், அதாவது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையும், உயரத்துடன் குறைகிறது. ஆனால் அது ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 1.8 °செ மட்டுமே. ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி கி.மீ.க்கு 8 °செ வீதம் சுருங்குகிறது. தரையில் வெப்பநிலை 30 °செ, பனிநிலை 20 °செ எனில், இடைவெளியான 10 °செ மறைவதற்குச் சுமார் 1250 மீட்டர் உயரம் தேவை. அவ்வுயரத்தில் இரண்டும் 18 °செ அளவில் சமமாகின்றன. முகிலின் அடிப்பகுதி அங்கே தோன்றுகிறது.

ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே இதற்குத் தேவை. ஆயினும் நண்பகலில் தோன்றும் திரள்முகில்களின் அடிப்பகுதிகள் யாவும் ஏன் ஒரே மட்டத்தில், தட்டையாக உள்ளன என்பதற்கு இதுவே விடையாகிறது. மாணவரை வெளியே அழைத்துச் சென்று, ஈரமானியால் அளந்து, முகில் அடியின் உயரத்தைக் கணக்கிடச் செய்து, பின்னர் அருகிலுள்ள வானூர்தி நிலையம் அறிவிக்கும் அளவுடன் ஒப்பிடச் செய்வது நல்ல பயிற்சியாகும். முகிலுக்குள் நீராவி நீராகும்போது ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுவதால், அதற்கு மேல் காற்று முன்னைவிட மெதுவாகவே குளிர்கிறது. அவ்வாறு சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக நீடிக்கும் காற்று தொடர்ந்து மேலெழும்பும். இடிமழை முகில் 10 கி.மீ.க்கு மேலும் வளர்வதற்கு இவ்வெப்பமே காரணமாகும்.

பிழையான முன்கருத்துகள்

மாணவர் வெற்று மனத்துடன் வகுப்புக்கு வருவதில்லை. வானிலையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு விளக்கம் உண்டு. அவ்விளக்கம் தவறாயின், விரிவுரை கேட்பதால் மட்டும் அது நீங்குவதில்லை. மாணவர் தேர்வில் சரியான விடையை எழுதிவிட்டு, வெளியே பழைய விளக்கத்தையே நம்புவது உண்டு.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் வெப்பம் மிகுகிறது என்பது இவற்றுள் பரவலானது. உண்மையில் பூமி சூரியனை மிகவும் நெருங்குவது சனவரித் தொடக்கத்தில் (சுமார் 14.7 கோடி கி.மீ.), வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் ஆகும். சூலைத் தொடக்கத்தில் தொலைவு சுமார் 15.2 கோடி கி.மீ. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம்.

ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கனமானது என்பது மற்றொன்று. புழுக்கமான நாளில் காற்று "கனமாக" இருப்பதாகத் தோன்றுவதால் இக்கருத்து இயல்பாகவே எழுகிறது. ஆனால் நீர் மூலக்கூற்றின் நிறை 18. உலர் காற்றின் சராசரி மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 29. ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நீராவி கலந்த காற்றே இலேசானது. வெப்பக் காற்று நீரைக் கடற்பஞ்சு போல் "தாங்குகிறது" என்ற உவமையும் சிக்கலானதே. நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் வெப்பநிலையைச் சார்ந்தது. அங்கே காற்று இல்லாவிடினும் அது அவ்வாறே இருக்கும். 10 °செ இல் 12 எக்டோபாசுக்கலாக உள்ள அவ்வழுத்தம் 20 °செ இல் 23 ஆகவும், 30 °செ இல் 42 ஆகவும் உயர்கிறது. பல ஆசிரியர்கள் இவ்வுவமை பிழையானது என்று அறிந்தே, எளிமை கருதிப் பயன்படுத்துகின்றனர்.

கைகழுவும் தொட்டியில் நீர் சுழலும் திசையைக் கொரியோலிசு விசை தீர்மானிக்கிறது என்பது புகழ்பெற்ற பிழையாகும். தொட்டியின் வடிவமும் நீரில் எஞ்சியிருக்கும் அசைவுமே அத்திசையைத் தீர்மானிக்கின்றன. எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆஷர் ஷபிரோ, சுமார் 1.8 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, பின் மிக மெதுவாக வடியவிட்டு, அது இடஞ்சுழியாகச் சுழல்வதை 1962 இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இதே சோதனை எதிர்த்திசைச் சுழற்சியைக் காட்டியது. விசை உண்மையானது, வீட்டுத் தொட்டியில் அது பிற காரணிகளுக்குள் மறைந்துபோகிறது.

நாள்தோறும் முன்னறிவித்தல்

பாடநூலை மட்டும் பின்பற்றும் வகுப்புக்கும் சிறந்த வகுப்புக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முதற் சில நிமிடங்களிலேயே தெரியும். அன்றைய செயற்கைக்கோள் படம், வளிமுக வரைபடம், பலூன்கள் அளந்து அனுப்பிய செங்குத்து வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டி, நாளை என்ன நிகழும் என்று மாணவரைக் கூறச்செய்யும் வழக்கம் பல கல்லூரிகளில் உள்ளது. மறுநாள் வானமே அவர்களின் விடையைத் திருத்துகிறது. ஒக்லகோமா பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்திவரும் போட்டியில், வட அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் குறித்த நகரத்தின் மறுநாள் உயர் வெப்பநிலை, தாழ் வெப்பநிலை, காற்று வேகம், மழையளவு ஆகியவற்றை முன்னறிவித்துப் புள்ளிகள் பெறுகின்றனர்.

அறிமுக வகுப்பில் மழைக்கான நிகழ்தகவை மட்டும் கேட்பதே போதுமானது. இதை மதிப்பிட, கிளென் பிரையர் 1950 இல் முன்வைத்த அளவை பயன்படுகிறது. மழை பெய்தால் 1, பெய்யாவிடில் 0 எனக் கொண்டு, கூறிய நிகழ்தகவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டின் இருமடி கணக்கிடப்படும். 90% என்று கூறி மழை பெய்தால் தண்டம் 0.01, பெய்யாவிடில் 0.81. எப்போதும் 50% என்று ஒதுங்கிக்கொள்பவருக்கு நாள்தோறும் 0.25. அளவுக்கு மீறிய உறுதியும் அளவுக்கு மீறிய தயக்கமும் இம்முறையில் ஒருங்கே தண்டிக்கப்படுகின்றன.

இப்பயிற்சியின் தேவை வகுப்பறைக்கு வெளியேதான் தெளிவாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் மழை நிகழ்தகவு 1960களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டு வருகிறது. "நாளை மழைக்கு 30% வாய்ப்பு" என்பதன் பொருள் என்ன என்று நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்சு ஆகிய நகரங்களின் மக்களிடம் கேட்டு, கெர்ட் கிகெரன்சரும் பிறரும் 2005 இல் ஆய்வு வெளியிட்டனர். நாளையைப் போன்ற நாள்களில் நூற்றுக்கு முப்பதில் மழை பெய்யும் என்ற சரியான பொருளைப் பெரும்பான்மையோர் கூறிய நகரம் நியூயார்க் மட்டுமே. பிற நான்கிலும், நாளின் 30% நேரம் மழை பெய்யும் என்பதே மிகுதியாக விரும்பப்பட்ட விடை.

எச்சரிக்கைகளில் இக்குழப்பம் உயிரோடு தொடர்புடையது. ஐக்கிய அமெரிக்காவில் சுழற்காற்றுக்கு இருநிலை அறிவிப்புகள் உள்ளன: சூழல் ஏதுவாக உள்ளது என்னும் கண்காணிப்பு அறிவிப்பு ஒன்று, சுழற்காற்று கண்ணால் காணப்பட்டது அல்லது ரேடாரில் தெரிகிறது, உடனே ஒதுங்குக என்னும் எச்சரிக்கை மற்றொன்று. 2011 மே 22 அன்று மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரைச் சுழற்காற்று தாக்கியதில் 158 பேர் நேரடியாக உயிரிழந்தனர். எச்சரிக்கை முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தது, ஒலிப்பான்களும் ஒலித்தன. ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் முதல் ஒலி கேட்டவுடன் ஒதுங்காமல், வேறு வழிகளில் உறுதிசெய்துகொள்ள முயன்றதாகத் தேசிய வானிலைச் சேவையின் மதிப்பீட்டறிக்கை குறிப்பிட்டது. இவ்விரு அறிவிப்புகளின் வேறுபாட்டைக் கேட்காத தேர்வுத்தாள், எத்தனை முகில் வகைகளைக் கேட்டாலும், குறையுடையதே.

செய்முறை

செய்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சிறிது நீர் விட்ட கண்ணாடிப் போத்தலில் அணைத்த தீக்குச்சியின் புகையைச் செலுத்தி, காற்றை அழுத்தித் திடீரென விடுவித்தால் போத்தலுக்குள் முகில் தோன்றும். புகையின்றிச் செய்தால் முகில் மிக மெலிதாகவே தோன்றும் அல்லது தோன்றாது. நீர்த்துளி உருவாக நுண்துகள்கள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மழைமானி வைத்து அளப்பதும் எளிய பயிற்சியே. 1997 சூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் சில மணி நேரத்தில் 300 மி.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது, அதே நகரின் பிற பகுதிகளில் மிதமான மழையே பெய்தது. வெள்ளத்தில் ஐவர் இறந்தனர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம் மூழ்கியது. இத்தகைய வேறுபாடுகளைப் பதிவு செய்ய, அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 1998 இல் தொடங்கிய தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பு பின்னர் நாடு முழுவதும் பரவியது. மாணவரும் அதில் பங்கேற்கலாம்.

காலநிலைப் பகுதி

அடுத்த பத்து நாள் வானிலையையே உறுதியாகக் கூறவியலாத நிலையில் நூறாண்டுக்குப் பின்னுள்ள காலநிலையை எவ்வாறு கூறலாம் என்பது இப்பகுதியில் தவறாமல் எழும் வினா. லோரன்ஸ் 1961 இல் தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என உள்ளிட்டபோது, முடிவு முற்றிலும் வேறாகச் சென்றது. தொடக்க நிலையில் உள்ள சிறு பிழை பெருகுவதே நாளாந்த முன்னறிவிப்பின் எல்லைக்குக் காரணம். காலநிலைக் கணிப்போ குறித்த ஒரு நாளைப் பற்றியதன்று. ஆற்றல் வரவு செலவு மாறும்போது சராசரி எவ்வாறு மாறும் என்பதைப் பற்றியது. எந்த நாள் மழை பெய்யும் என்று அறியாமலே, சூலை சனவரியைவிட வெப்பமாக இருக்கும் என்று நியூயார்க் நகரத்தார் உறுதியாகக் கூறுவதை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

பாடநூல்கள்

மேற்கூறிய நூல்களைத் தவிர, ஜான் வாலஸ், பீட்டர் ஹாப்ஸ் ஆகியோரின் நூல் (1977, இரண்டாம் பதிப்பு 2006) கணிதம் அறிந்த மாணவர்க்கு ஏற்றது. பிரிட்டிசு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஸ்டல் எழுதிய 'பிராக்டிக்கல் மீட்டியராலஜி' இயற்கணித அளவில் அமைந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்கப் பாடநூல்களின் பருவக்காற்றுப் பகுதி பொதுவாக இந்தியாவின் தென்மேற்குப் பருவக்காற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி என்று காட்டுகிறது. வங்கக்கடலைக் கடந்து ஈரம் பெறும் வடகிழக்குக் காற்றால் அக்டோபர் முதல் திசம்பர் வரை முதன்மை மழை பெறும் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு இது பொருந்தாது. தமிழில் இப்பாடத்தைக் கற்பிப்போர் அவ்வரைபடத்தை அப்படியே எடுத்தாளக் கூடாது.