கடலிலிருந்து எண்ண வேண்டிய அணைகள்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் தாமிரபரணி நெல்லையும் வாழையையும் வளர்க்கும் நதி என்பதை யாவரும் அறிவர். ஆழ்கடலில் பிறந்து நன்னீரில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடியும் கடலுக்கே திரும்பும் விலாங்குக்கும், குஞ்சுப் பருவத்தில் முகத்துவாரத்தின் வழியே உள்ளேறும் மடவைக்கும் கொடுவாவுக்கும் அதுவே பிரயாண மார்க்கம் என்பதைச் சிந்திப்போர் சிலரே. அம்மார்க்கத்தின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் நிற்கின்றன. பாசன அணைகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதைப் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே தமது 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டிக்காட்டினார்.

அணைகளை இடிப்பது பற்றிப் பேச்சில்லை. வயலுக்கு அவை வேண்டும். அணையின் ஓரத்தில், மீன்கள் படிப்படியாய் ஏறிச் செல்லும் மீன் ஏணியோ, கல் பரப்பிய சரிவான கால்வாயோ அமைத்தால் போதும். ஆனால் பொருள் அளவுடையதாதலால், எந்த அணையில் முதலில் அமைப்பது என்னும் வினா எழுகிறது.

இதற்கு விடை தேடவே வரைபடத் தரவுகள் பயன்படுகின்றன. இஸ்ரோவின் புவன் தளம் தரும் செயற்கைக்கோள் படங்களில் ஒவ்வொரு தடையின் இடத்தையும் குறித்து, அதன் உயரத்தை நேரில் அளந்து சேர்த்து, அதைத் திறந்தால் மேலே அடுத்த தடைவரை எத்தனை கிலோமீட்டர் ஆறும் உபநதியும் மீனுக்குக் கிடைக்கும் என்று கணக்கிடலாம். மேலேயுள்ள சுத்தமல்லி அணையில் எத்துணைச் சிறந்த ஏணி கட்டினாலும், கடலுக்கு மிக அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டம் மூடியிருக்குமாயின் கடலிலிருந்து வரும் விலாங்குக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தை மட்டும் திறந்தால் அடுத்த அணையான மருதூர்வரைதான் வழி. மருதூரையும் திறந்தாலோ சுத்தமல்லிவரை நதியும், சீவலப்பேரி அருகே கலக்கும் சிற்றாறும் ஒருங்கே வசமாகின்றன. ஆகவே இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடாமல் ஒரே பணியாகக் கருதுவதே நியாயம் என்பது என் துணிபு.

சிற்றாற்றின் சிறு தடுப்பணைகளையும் விட்டுவிடலாகாது. ஐரோப்பாவின் 36 நாடுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு அவற்றின் ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அத்தடைகளுள் பெரும்பாலானவை 2 மீட்டருக்கும் தாழ்ந்தவை.

எனினும், தடை இருக்குமிடத்தைக் காட்டும் படம், குஞ்சுகள் வரும் மாதத்தையும் அப்போது அணைக்குக் கீழே நீர் ஓடுகிறதா என்பதையும் காட்டாது. முத்துப் பார்களைக் கடலடியிலே குறித்துவைத்த கரை இது. அங்கே முத்துக் குளிக்கும் குளியாளியின் அனுபவம் எத்துணை அவசியமாயிருந்ததோ, இங்கே புன்னைக்காயல் மீனவரின் அனுபவமும் அத்துணை அவசியம். அவர்கள் சொல்லும் மாதங்களில், வாய்க்கால்களுக்குப் பங்கிடும்போதே ஏணிக்கும் ஒரு பங்கு நீரை அரசாணையில் எழுதி வைக்க வேண்டும்.