திண்டுக்கல் நகரச் சுற்றுலா

திண்டுக்கல் நகரச் சுற்றுலா என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் காணும் பொருட்டு மேற்கொள்ளப்படும் பயணத்தைக் குறிக்கும். கொடைக்கானல், பழனி, மதுரை ஆகிய இடங்களுக்குச் செல்லும் வழியில் இந்நகரம் அமைந்துள்ளதால், பெரும்பாலான பயணிகள் இங்கு வண்டி மாறிச் செல்கின்றனரே அன்றித் தங்குவதில்லை. ஆயினும் மலைக்கோட்டை, பழைய வழிபாட்டிடங்கள், பூட்டுப் பட்டறைகள், பிரியாணிக் கடைகள் எனக் காணத்தக்கவை பல இந்நகரில் உள்ளன. 2011 ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நகரின் மக்கள் தொகை 2,07,327 ஆகும். 2014 ஆம் ஆண்டில் இது மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

அமைவிடமும் போக்குவரத்தும்

திண்டுக்கல், கிழக்கே சிறுமலைக்கும் மேற்கே பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்துள்ளது. மதுரையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கிமீ தொலைவிலும், திருச்சிராப்பள்ளியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிமீ தொலைவிலும் உள்ளது. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கு வரும் வழியும், காவிரிக் கரையிலிருந்து மதுரைக்கு வரும் வழியும் இங்கு சந்திக்கின்றன. இந்நகரின் வரலாற்றையும் வணிகத்தையும் புரிந்துகொள்ள இவ்வமைவிடமே அடிப்படையாகும்.

தொடருந்துச் சந்திப்பான திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி, மதுரை, கரூர், பழனி ஆகிய நான்கு திசைகளிலும் பாதைகள் பிரிகின்றன. நகரின் நடுவில் காமராசர் பேருந்து நிலையம் உள்ளது. அண்மையிலுள்ள வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது.

பெயர்க்காரணம்

சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் மொட்டைப் பாறை, தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குத் திண்டு (தலையணை) போலத் தோன்றுவதால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். இம்மலைக்குப் பத்மகிரி என்ற பெயரும் உண்டு.

வரலாறு

மதுரை நாயக்க மன்னரான முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 1605 ஆம் ஆண்டளவில் பாறையின் மீது கோட்டை கட்டத் தொடங்கினார். பின்னர் திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். மதுரைக்கு வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் படைகளைத் தடுப்பதற்கு ஏற்ற இடமாக இப்பாறை விளங்கியதே இதற்குக் காரணம்.

1755 இல் ஐதர் அலி, மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் படைத்தலைவராகப் பொறுப்பேற்றார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் இங்கு ஆயுதச் சாலை ஒன்றையும் நிறுவினார். பின்னாளில் மைசூரின் ஆட்சியாளராக உயர்ந்த அவருடைய வளர்ச்சியில் திண்டுக்கல் முக்கியமான படியாகும். 1772 இல் கணவரைப் போரில் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், ஐதர் அலியின் ஆதரவைப் பெற்று இப்பகுதியில் தங்கியிருந்தே தம் நாட்டை மீட்கத் திட்டமிட்டார்.

மைசூர்ப் போர்களின்போது கோட்டை பலமுறை கைமாறியது. 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். முதலிரு முறைகளில் அது மீண்டும் மைசூர் வசம் சென்றது. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் நிலையாக ஆங்கிலேயருக்குரியதாயிற்று. அவர்களை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801 இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபாலசமுத்திரம் குளம் அவரது நினைவைத் தாங்கியது எனக் கூறப்படுகிறது.

காணத்தக்க இடங்கள்

மலைக்கோட்டை: இது இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாறையிலேயே வெட்டப்பட்ட படிகளில் ஏறினால் மதில்களையும், பீரங்கி மேடைகளையும், ஆயுதக் கிடங்குகளையும் காணலாம். உச்சியில் உள்ள கோயிலில் செதுக்கிய தூண்கள் இருப்பினும் கருவறையில் மூல விக்கிரகம் இல்லை. போர்க்காலத்தில் அது கீழே கொண்டுவரப்பட்டு, நகரிலுள்ள அபிராமி அம்மன் கோயிலில் வைக்கப்பட்டது என்பது மரபு. பாறையில் நிழல் குறைவாதலால் காலை நேரமே ஏறுவதற்கு உகந்தது. கோடையில் நண்பகலில் ஏறுவது கடினம்.

கோட்டை மாரியம்மன் கோயில்: பாறையின் அடிவாரத்தில் உள்ளது. மாசி மாதத்தில் நடைபெறும் திருவிழா இந்நகரின் மிகப் பெரிய விழாவாகும். அந்நாட்களில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெருந்திரளாக மக்கள் கூடுவர்.

பேகம்பூர் பள்ளிவாசல்: ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் கல்லறை இங்குள்ளதாகவும், அவராலேயே இப்பகுதி பேகம்பூர் எனப் பெயர் பெற்றதாகவும் கூறப்படுகிறது.

புனித வளனார் பேராலயம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. 2003 இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபோது அதன் தலைமை ஆலயமாயிற்று.

தாடிக்கொம்பு: நகருக்கு வடக்கே ஏறத்தாழ 8 கிமீ தொலைவில் குடகனாற்றங்கரையில் உள்ள ஊர். இங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்தின் தூண் சிற்பங்கள் புகழ்பெற்றவை.

காந்திகிராமமும் சின்னாளப்பட்டியும்: மதுரைச் சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. காந்திகிராமம் 1947 இல் தி. சு. சௌந்தரம், கோ. இராமச்சந்திரன் ஆகியோரால் நிறுவப்பட்டது. சின்னாளப்பட்டி, கைத்தறிச் சேலைகளுக்கும் சுங்குடிச் சேலைகளுக்கும் பெயர் பெற்றது.

சிறுமலை: 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வழியே செல்லலாம். இங்கு விளையும் சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்றது.

உணவு

திண்டுக்கல் பிரியாணி, நீண்ட அரிசியான பாசுமதிக்கு மாறாகச் சிறிய மணிகளையுடைய சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படுவது. இவ்வரிசி மசாலாவையும் இறைச்சிச் சாற்றையும் நன்கு உறிஞ்சிக்கொள்ளும். இறைச்சி சிறு துண்டுகளாக வெட்டிச் சேர்க்கப்படும். 1957 இல் நாகசாமி நாயுடு இங்கு தொடங்கிய ஆனந்த விலாஸ் உணவகம், அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என அழைக்கப்பட்டது. இப்பெயர் இன்று வெளிநாடுகளிலும் கிளைகள் கொண்ட நிறுவனமாக வளர்ந்துள்ளது.

பூட்டுத் தொழில்

திண்டுக்கல்லுக்குப் பூட்டு நகரம் என்ற பெயரும் உண்டு. இங்குள்ள பட்டறைகளில் பூட்டுகள் பெரும்பாலும் கையாலேயே செய்யப்படுகின்றன. மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போதும் மூடும்போதும் ஒலி எழுப்பும் மணிப்பூட்டு ஆகியன பரவலாக அறியப்பட்டவை.

இப்பூட்டினுள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை லீவர் என்பர். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. உரிய சாவி திரும்பும்போது, அதன் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கான உயரத்திற்கு மட்டும் தூக்கும். அப்போது வெட்டுகள் அனைத்தும் ஒரே கோட்டில் வந்து, தாழ் நகர்வதற்கு வழிவிடும். ஒரு தகடு சற்றே கூடுதலாகவோ குறைவாகவோ உயர்ந்தாலும் தாழ் நகராது. தகடுகள் கூடக் கூட மாற்றுச் சாவியால் திறப்பது கடினமாகும். தகடுகளைச் சாவிக்கேற்ப அரம் கொண்டு அராவிப் பொருத்துவதே தொழிலாளியின் திறமையாகும்.

இக்கைத்திறனே இத்தொழிலின் சிறப்பும் இடரும் ஆகும். கையால் அராவிப் பொருத்துவதற்கு அதிக நேரம் செல்வதால், உத்தரப் பிரதேசத்தின் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளுடன் விலையில் போட்டியிட இயலவில்லை. கூலி குறைவாக இருப்பதால் இளைஞர்கள் இத்தொழிலைக் கற்க முன்வருவதும் குறைந்துவிட்டது.

2019 இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பிற இடங்களில் செய்த பூட்டுகளை இப்பெயரில் விற்பதைத் தடுக்க இது சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் குறியீடு பெயரை மட்டுமே காக்கும்; வாங்குவோரை அதனால் கொண்டுவர இயலாது. பிரியாணி, உண்டவர்களின் வாய்வழியே ஊர் ஊராகப் பரவியது. பூட்டுக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. நகரின் வழியே நாள்தோறும் கடந்து செல்லும் பயணிகளில் ஒரு பகுதியினரேனும் பட்டறைகளைக் கண்டு, செய்தவரிடமே பூட்டு வாங்கிச் சென்றால், அத்தொழில் அடுத்த தலைமுறைக்குச் செல்ல அது துணை புரியும்.