காரில் பாட்டுப் பெட்டி பொருத்துவோர்க்கு

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை அடுத்த தெருக்களில் வாழும் நம்மவர் பலர் இன்று பழைய காரொன்றை வாங்கி வைத்துள்ளனர். பொங்கலுக்கு ஓசூர் வழியே ஊர் செல்லுங்கால் பிள்ளைகள் முதலில் கேட்பது பாட்டு. ஆதலின் ஜே.சி. சாலையில் ஸ்டீரியோ வாங்குவதும், வீட்டு வாசலிலேயே அதனைப் பொருத்த முற்படுவதும் வழக்கமாயின. அவ்வாறு பொருத்திய வண்டியொன்று, புறப்படும் நாளின் விடியற்காலையில் உயிரற்றுக் கிடந்ததை நாம் கண்டோம். மூட்டைகள் ஏற்றியாயிற்று, பாட்டியும் அமர்ந்தாயிற்று, சாவியைத் திருப்பினால் ஓசை இல்லை. பொருத்தியவர், வண்டியோடு வந்த பிளக்கை வெட்டியெறிந்து, பெட்டியின் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒன்றாய் முறுக்கியிருந்தார். சாவியை எடுத்த பின்னும் பெட்டி உறங்காது விழித்திருந்து, இரவெல்லாம் பேட்டரியைக் குடித்துவிட்டது.

1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்னும் பெயரில் கார் ரேடியோ விற்ற காலந்தொட்டு இவ்வேலையின் கடினம் பாட்டில் இல்லை, வயரில்தான் இருக்கிறது.

கடையில் வாங்கும் பெட்டியின் வயர்களுக்கு ஒரு நிற மரபு உண்டு. மஞ்சள், எந்நேரமும் 12 வோல்ட் பெற்று நிலைய நினைவைக் காப்பது. சிவப்பு, சாவியைத் திருப்பிய பின்னரே மின்சாரம் பெறுவது. கறுப்பு எர்த். ஆரஞ்சு, விளக்கெரியும்போது பெட்டியின் ஒளியை மாற்றுவது. ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. கறுப்புக் கோடிட்டது அவ்வவற்றின் எதிர்முனை. ஆயின் இம்மரபு பெட்டிக்கே உரியது. காரைச் செய்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் காணும் ஐ.எஸ்.ஓ. 10487 பிளக்கில் நான்காம் துளை நிலையான மின்சாரமும் ஏழாம் துளை சாவி மின்சாரமும் தருவன. அவற்றுள்ளும் சில வண்டிகளில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே நிறத்தை நம்பாது மல்டிமீட்டரை நம்புதலே தக்கது.

மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, அதன் கறுப்பு முனையை வண்டியின் வண்ணம் பூசாத இரும்பில் பதிக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்ட பின்னும் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும் வயர் நிலையானது. சாவியை ஒரு படி திருப்பியதும் புதிதாய் உயிர்பெறுவது சிவப்புக்கு உரியது. பார்க்கிங் விளக்கைப் போட்டதும் எழுவது ஆரஞ்சுக்கு உரியது. புதிய கார்கள் சிலவற்றில் சாவி வயரே இராது. அச்செய்தி கணினி வழியே வருமாதலால் தனி இணைப்புப் பெட்டி வேண்டும்.

எர்த்தைத் தேடுவதில் ஒரு பொறி உண்டு. தேர்ந்தவரும் இதில் வீழ்வர். விளக்கு வயர், விளக்கணைந்திருக்கும்போது பல்புகளின் இழை வழியே இரும்போடு தொடர்புற்றிருப்பதால், ஓம் அளவில் எர்த் போலவே தோன்றும். அதனையே எர்த்தெனக் கொண்டால் பகலில் பெட்டி பாடக்கூடும். இரவில் விளக்கைப் போட்டதும் அடங்கிவிடும். எனவே விளக்கைப் போட்டு, அவ்வயரில் வோல்ட் எழவில்லை என்று கண்டபின்பே முடிவு கொள்க.

ஸ்பீக்கர் வயர்களை அறிய, பெட்டியிலிருந்து பிரித்த நிலையில், 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு நொடி தொட்டால் போதும். எந்த மூலையில் "டப்" என்று கேட்கிறதோ அதுவே அதன் இடம். கூம்பு வெளிப்புறம் நகர்ந்தால் செல்லின் நேர்முனை தொட்ட வயரே நேர். தனி ஆம்பிளிபயர் உள்ள வண்டியில் மட்டும் இதனைச் செய்யலாகாது. ஸ்பீக்கரின் எதிர்முனையை எர்த்தோடு சேர்ப்பதும் கூடாது. இக்காலப் பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரு வயர்களிலும் பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி நிற்கும். எர்த்தில் பட்டால் பெட்டி கெட்டுவிடக்கூடும்.

இனி, அனைத்தினும் அஞ்சத்தக்கது மற்றொரு மஞ்சள். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறையிட்டு ஓடுவது பெரும்பாலும் காற்றுப்பையின் வயர். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயம்; அதற்கு முந்தியவை பலவற்றிலும் அஃது உண்டு. அதனை மீட்டராலும் தொடலாகாது. ஓம் அளவு பார்க்க மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஆபத்தாகலாம். மஞ்சள் பிளக் கண்ணிற்பட்டால் கையை விலக்கிக்கொள்க.

அளந்து முடிந்ததும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே இணைக்க வேண்டும். பெட்டியோடு வந்த பியூஸை எடுத்துவிட்டு வெறுங்கம்பி சுற்றுவோர் நம்முள் இன்னும் உளர். டாஷ்போர்டின் உள்ளே வயர் உருகித் தீப்பற்ற அஃதொன்றே போதும். பழைய பிளக்கை வெட்டாமல், அவ்வண்டிக்குரிய மாற்று இணைப்பு வயரைக் கடையிலேயே கேட்டு வாங்கலாம். பெட்டியின் விலையோடு நோக்க அது பெருஞ்செலவன்று.

மேற்சொன்ன அன்பரின் வண்டியில் வெட்டுண்ட பதினாறு வயர்களையும் நாம் ஒவ்வொன்றாய் அளந்து, துணியொட்டில் பெயரெழுதிச் சுற்றி முடிக்க ஒரு ஞாயிறு முழுதும் சென்றது. அவர்கள் அதற்குள் பேருந்தில் ஊர் சேர்ந்துவிட்டிருந்தனர்.