ராத்திரிப் பதிவில் ஆட்டுப்பட்டி தெரியவில்லையா?

மேச்சேரி ஆடு என்ற இனத்துக்கே நம் ஊர்ப் பெயர்தான். பக்கத்துப் பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆடுகள் அடைந்திருக்கும் பட்டியைக் கண்காணிக்கத்தான் கேமரா மாட்டுகிறீர்கள். ஆனால் ராத்திரிப் பதிவைப் போட்டுப் பார்த்தால் வாசல் வேப்பமரம் வரைக்கும்தான் தெரிகிறது. அதற்கப்பால் ஒரே கும்மிருட்டு.

கேமரா மட்டமானதா? பெரும்பாலும் இல்லை. வெளிச்சம்தான் போதவில்லை. கேமராவின் முகத்தில் உள்ள சின்ன விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை (சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி) வீசுகின்றன. தூரம் இரண்டு மடங்கானால் அந்த ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். 10 அடியில் விழும் ஒளியில் 16இல் ஒரு பங்குதான் 40 அடியில் இருக்கும் பட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

என்ன செய்யலாம்? கடையில் 'ஐ.ஆர். லைட்' என்று தனியாகவே விற்கிறார்கள். அதைப் பட்டிக்குக் கிட்டே மாட்டுங்கள். கேமராவை நகர்த்த வேண்டாம். வெளிச்சத்தை நகர்த்தினால் போதும்.

கேமரா பக்கத்திலேயே மாட்டினால் என்ன? லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி இழை ஆடினாலும் அந்த ஒளி பட்டு வெள்ளைக் கயிறு போலப் படத்தை மறைக்கும். மழைத்துளியும் தூசியும் அப்படியே. அதனால் சில அடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்துச் சுவரிலோ தட்டுப்போரிலோ ஒளி நேராக விழக் கூடாது. விழுந்தால் அது மட்டும் பளீரென்று தெரியும், மற்றதெல்லாம் மங்கிவிடும்.

எதைக் கேட்டு வாங்குவது? 850, 940 என்று இரண்டு வகை. இந்த எண் ஒளியின் அலைநீளம். நானோமீட்டரில் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) சொல்வது. 850 வகை தூரம் எட்டும். உற்றுப் பார்த்தால் அணையப்போகும் கங்கு போல் லேசாகச் சிவக்கும். 940 வகை துளியும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. பட்டிக்கு 850 போதும். தொலைவில் உள்ள பட்டிக்கு 30 டிகிரி, அகன்ற களத்துக்கு 90 டிகிரி என்று விரிகோணத்தையும் கேளுங்கள்.

மாட்டியும் படம் தெளியவில்லையா? கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்ணத்தில் இருக்கும்போது, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி லென்ஸுக்குப் பின்னால் மூடியபடி இருக்கும். சாயங்காலம் கேமராவில் 'டக்' என்று சத்தம் கேட்டால் அது விலகிவிட்டது என்று அர்த்தம்.

கரண்ட் போனால்? கேமரா மட்டும் இன்வெர்ட்டரில் ஓடி, விளக்கு அணைந்தால் பட்டி மறுபடி இருட்டில்தான். இரண்டையும் இன்வெர்ட்டரிலேயே கொடுங்கள். 12 வோல்ட் விளக்கானால், அதில் எழுதியுள்ள ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர் வேண்டும்.

ஆபத்து உண்டா? கிட்டத்தில் நின்று விளக்கையே உற்றுப் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். கேமரா பக்கத்து வீட்டு வாசலையோ சன்னலையோ பார்க்க வேண்டாம். அவர்கள் வீட்டு ராத்திரி அவர்களுடையது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒளியில் உடையின் நிறத்தை நம்ப முடியாது. கறுப்புச் சட்டைகூட வெளுப்பாகத் தெரியலாம். திருட்டு நடந்து போலீஸில் புகார் கொடுக்கும்போது, பதிவைப் பார்த்து "வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்" என்று எழுதிவிடாதீர்கள். உயரம், நடை, கையில் இருந்த பொருள், வந்த நேரம் இவற்றைச் சொல்லுங்கள். பதிவையும் அழிந்துபோகாமல் எடுத்து வையுங்கள்.

விளக்கு மாட்டிய அன்று இரவே வீட்டில் ஒருவரை வாசலிலிருந்து பட்டி வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். பிறகு பதிவைப் போட்டு, எந்த இடத்தில் அவர் முகம் அடையாளம் தெரிகிறது என்று பாருங்கள். பட்டிப் படலைத் திறக்கும் இடத்தில் தெரியவில்லை என்றால், விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொல்லுங்கள். அங்கே முகம் தெரிந்த பிறகு திருகாணியை இறுக்குங்கள்.