கிடேரிக் கன்றுகளுக்கான பிரித்த விந்து

பால் மாடு வளர்ப்போர் ஒவ்வோர் ஈற்றிலும் விரும்புவது கிடேரிக் கன்றையே. உழவும் பாரமும் யந்திரங்களுக்கு மாறிய ஊர்களில் காளைக் கன்றை வளர்ப்பதால் தீவனச் செலவே மிஞ்சுகிறது. இயற்கையிலோ இரண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகவே பிறக்கின்றன. இவ்விகிதத்தை மாற்ற வல்லது, விந்தணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிரிக்கும் முறை.

கன்று ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது காளையின் விந்தணுவே. பசுவைக் குறை கூறுதல் பொருந்தாது. எக்ஸ் என்னும் விந்தணு பெண் கன்றையும், ஒய் என்பது ஆண் கன்றையும் தரும். பூதக்கண்ணாடியால் நோக்கினும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் எக்ஸ் அணுவில் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு மிகுதி. பிரிக்கும் வேலை முழுவதும் இச்சிறு வித்தியாசத்தையே ஆதாரமாகக் கொண்டது.

பிரிக்கும் விதம்

விந்தணுக்களுக்கு, மரபுப்பொருளில் ஒட்டும் ஒருவகைச் சாயம் ஏற்றப்படுகிறது. பின் அவை மெல்லிய நீர்த்தாரையில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. எக்ஸ் அணு சற்று அதிகமாக ஒளிரும். யந்திரம் அவ்வொளியை அளந்து, அணுவைத் தாங்கிய நீர்த்துளிக்கு மின்னேற்றம் தருகிறது. துளிகள் மின்தகடுகளுக்கிடையே விழும்போது ஒருவகை ஒருபுறமும் மற்றது மறுபுறமும் விலகும். ஐயத்துக்கிடமானவையும் இறந்தவையும் கழிக்கப்படும்.

நீர்த்துளிகளால் உயிரணுக்களைப் பிரிக்கும் யந்திரத்தை மாக் புல்வைலர் என்பவர் 1965-ல் அமெரிக்காவில் வெளியிட்டார். அந்நாட்டு விவசாய இலாகாவின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர், இவ்வாறு பிரித்த விந்தால் முயற்குட்டிகள் பிறந்ததை 1989-ல் அறிவித்தனர்.

கவனிக்க வேண்டியவை

1. பிறக்கும் கன்றுகளில் நூற்றுக்குச் சுமார் 90 கிடேரிகளாக இருக்கும். முழு உறுதி இல்லை.

2. பிரிப்பதில் அணுக்கள் நலிவதாலும், ஒரு குச்சியில் அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலும், சினை பிடிப்பது சாதாரண விந்தைவிடக் குறைவு. தவறினால் மறுபருவம் வரச் சுமார் 21 நாள் வீணாகும், பணமும் நஷ்டம்.

3. ஆதலால் நன்கு வளர்ந்த, நோயற்ற, பருவம் தவறாத கிடேரிகளுக்கே இதை முதலில் உபயோகித்தல் நலம். பலமுறை சினை பிடிக்காத மாடுகளுக்கு இது ஏற்றதன்று.

4. பருவக்குறி தோன்றிய நேரத்தைக் குறித்துவைத்துக் கால்நடை வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். குச்சியிலுள்ள காளையின் எண்ணையும் தேதியையும் எழுதி வைப்பது அவசியம்.

பிரித்த விந்து கன்றின் இனத்தைத் தேர்ந்தெடுக்க மட்டுமே உதவும். பாலின் அளவு காளையின் வம்சத்தையும் தீவனத்தையும் பொறுத்தது. ஆகையால் குச்சியை வாங்குமுன் காளையின் தாய் கறந்த பாலின் விவரத்தைக் கேட்டறிவதே விவேகம்.